அப்பாவின் கை ‘ஸ்டிஃப்’பா, ‘ரிஜிட்’டா?

மதுரை செல்லூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி அடையாளம் தெரியும் விஷயங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 67 வயது. பூ மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கமிஷன் கடை. சர்க்கரை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் வலது தோளைத் தூக்க முடியாமல் போனது. எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டு ‘ஸ்டிஃப்னெஸ்’ என்று எழுதினார், சர்க்கரைக்காரர்களுக்கு வருவதுதான் என்றார். போன வருஷம் அதே கையில் நடுக்கம் வந்தது. நரம்பியல் மருத்துவர் ‘ரிஜிடிட்டி’ என்று எழுதி, பார்க்கின்சன் நோய் (உடம்பின் அசைவைக் கெடுக்கும் மூளை நரம்பு நோய்) என்று சொல்லி லெவோடோபா மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் தம்பி தன் நோட்டில் ‘ஸ்பாஸ்டிசிட்டி’ என்று எழுதியதோடு, தசையைத் தளர்த்தும் மாத்திரை ஒன்றைக் கடையில் வாங்கச் சொல்லியிருக்கிறார். வாங்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், “எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பு, இங்க டாக்டர் ஃப்ரெண்ட்கிட்ட கேக்குறேன்” என்றார். இவர் அகராதியைப் புரட்டி, ‘அப்பா வெரி ரிஜிட் அண்ட் இன்ஃப்ளெக்சிபிள் ஆகிவிட்டார்’ என்று எழுதினார். வயதானால் மனிதர்கள் அப்படித்தான், வீட்டில் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று பதில் வந்தது! இரண்டாவது மெயிலில், ‘தினமும் காலையில் அப்பாவுக்கு ரிகர் வருகிறது’ என்று எழுதினார். காய்ச்சல் எத்தனை டிகிரி, மலேரியாவுக்கு ரத்தம் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அண்ணனுக்குக் கோபம். “உனக்குச் சரியா எழுதத் தெரியல. நான் வர்ற வரைக்கும் எல்லா மாத்திரையையும் நிறுத்து” என்றுவிட்டார்.

வாசகியின் கேள்விகள்: இந்தச் சொற்களில் எது சரி? ஸ்டிஃப்பிலிருந்து ரிஜிட்டுக்குப் போனால் நோய் முற்றிவிட்டதா? இணையத்தில் ‘ஸ்டிஃப் பர்சன் சிண்ட்ரோம்’ என்று ஒன்று வருகிறதே, அதுவா இது? மாத்திரையை நிறுத்தலாமா? அமெரிக்கா அழைத்துப்போய்ப் பார்க்கலாமா? பழைய மருத்துவமனை ஃபைலைத் தர மறுக்கிறதே, என்ன செய்வது?

வார்த்தைக்கு முன்னால் மாத்திரை

சகோதரி, லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் சிலருக்கு உடம்பு மொத்தமும் இறுகி, கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போக நேரும். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது எல்லாம் எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை. தூரத்தில் இருப்பவருக்குப் பதற்றம் வரும், அண்ணனைக் குறை சொல்லவில்லை. “டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாதாம்” என்று என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றினால் சாப்பாட்டு நேரத்தையும் பாருங்கள். வயிறு நிறையப் பருப்பும் முட்டையும் சாப்பிட்டதும் போட்டால் லெவோடோபா உடம்பில் சரியாகச் சேராது. குமட்டல் இல்லையென்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இரண்டுக்கும் நடுவில் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

அந்தத் தசை தளர்த்தும் மாத்திரையை அலமாரியிலேயே வைத்திருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது மாத்திரை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது பாதி வரிதான்: ‘தலைசுற்றலுக்கு மூணு வருஷமா ஒரு மாத்திரை கடையில வாங்கிப் போடுறார்.’ என்ன மாத்திரை? சின்னரிசின், ஃப்ளூனரிசின் போன்ற தலைசுற்றல் மாத்திரைகளும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடும், சில மனநல மருந்துகளும் நாள்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோயைப் போலவே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும். மருந்தால் வந்தது என்றால், நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் குறையும். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. மாத்திரை அட்டையைப் படம் எடுத்து இன்றைக்கே அவருக்கு அனுப்புங்கள். நீங்கள் கேட்ட எந்த வார்த்தையையும்விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏணிப்படி என்று நினைத்துவிட்டீர்கள்

சரி, இனி வார்த்தைக்கு வருவோம். ஸ்டிஃப் கீழ்ப்படி, ரிஜிட் மேல்படி, அதனால் அப்பா ஒரு படி மேலே போய்விட்டார் என்று பயந்திருக்கிறீர்கள். கடைத்தெரு ஆங்கிலத்தில் நீங்கள் நினைத்தது சரிதான். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வேட்டி ஸ்டிஃப். முரண்டு பிடிக்கும், ஆனால் மடித்தால் மடியும். பி.வி.சி. குழாய் ரிஜிட், மடங்காது, மீறி அழுத்தினால் உடையும்.

மருத்துவச் சீட்டில் இந்த ஏணி கிடையாது. அங்கே இரண்டும் வெவ்வேறு ஆட்கள் பேசும் சொற்கள்.

ஸ்டிஃப்னெஸ் என்பது பெரும்பாலும் நோயாளி சொல்வது. “காலையில எந்திரிச்சா விறைப்பா இருக்கு டாக்டர்” என்பதை நாங்கள் அப்படி எழுதிக்கொள்கிறோம். அதற்குள் காரணம் எதுவும் இல்லை. மூட்டாக இருக்கலாம், தசையாக இருக்கலாம், நரம்பாக இருக்கலாம், பஸ்ஸில் கழுத்து சாய்ந்து தூங்கியதாகக்கூட இருக்கலாம். அதனால்தான் எவ்வளவு நேரம் என்று கேட்கிறோம். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ருமட்டாய்டு மாதிரி மூட்டு அழற்சியைச் சந்தேகிப்போம். தேய்மானம் என்றால் அரை மணிக்குள் விட்டுவிடும்.

ரிஜிடிட்டி மருத்துவரின் கை சொல்வது. நோயாளிக்கு அது தெரியாமலே இருக்கலாம். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, ‘தொளதொளன்னு விடுங்கய்யா’ என்று சொல்லி, மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்திருப்பார். மடக்கும்போதும் நீட்டும்போதும், மெதுவாகச் செய்தாலும் வேகமாகச் செய்தாலும், தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு எதிர்ப்பு இருந்தால் அது ரிஜிடிட்டி. ஈயக் குழாயை வளைப்பது போல என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நடுக்கமும் சேர்ந்திருந்தால் பல்சக்கரம் மாதிரி விட்டுவிட்டு வரும். சைக்கிள் பெடலைக் கையால் பின்னால் சுற்றினால் ஒரு கடகடப்பு தெரியுமே, கிட்டத்தட்ட அதுதான். சந்தேகமாக இருந்தால் மற்றக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்வோம், மறைந்திருந்த இறுக்கம் வெளியே வரும். அன்றைக்கு அப்பாவை அப்படிச் செய்யச் சொன்னார் என்றும், எதற்கென்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இதற்குத்தான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1817-இல் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பற்றித்தான் எழுதினார். அவர்களில் சிலரை லண்டன் தெருவில் சந்தித்ததோடு சரி. கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தால்தானே இறுக்கம் தெரியும்? அவர் கொடுத்த இலக்கணத்தில் ரிஜிடிட்டி இல்லை. பிறகு பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர்தான் அதை அழுத்திச் சொன்னார்.

ஸ்பாஸ்டிசிட்டி இன்னொரு சாதி. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத் தசைக்கு வரும் கட்டளைப் பாதை அடிபட்டால் வருவது. பக்கவாதம் வந்தவர்களிடம் அதிகம் பார்க்கலாம். இதில் வேகம்தான் அடையாளம். மெதுவாக நீட்டினால் கை வந்துவிடும், வெடுக்கென்று இழுத்தால் ஓர் இடத்தில் பிடித்து நிற்கும், அப்புறம் பேனாக்கத்தி மடங்குவது போலச் சட்டென்று விட்டுக்கொடுக்கும். பாக்லோஃபென், டிசானிடின் போன்ற மருந்துகள் இதற்குத்தான் முக்கியமாகக் கொடுக்கப்படுகின்றன. பார்க்கின்சன் இறுக்கத்துக்கு அவற்றால் பெரிய பயன் கிடையாது. தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வந்து, 67 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைவதுதான் மிச்சம். மாத்திரையை அலமாரியில் வைக்கச் சொன்னது இதனால்தான். அந்தத் தம்பி கொடுக்கும் பயிற்சி நல்ல பயிற்சியாகவே இருக்கலாம், அதை நிறுத்த வேண்டாம். நோட்டில் இருக்கும் சொல்லை மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தோளுக்கு எலும்பு மருத்துவர் எழுதியது தப்பா? இல்லை. உறைந்த தோள் என்றால் மூட்டைச் சுற்றியுள்ள உறையே சுருங்கிவிடுகிறது. ஒரு கோணம் வரை கை நன்றாக வரும், அதற்கு மேல் யார் இழுத்தாலும் வராது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். ஆனால் பார்க்கின்சன் நோயும் சிலரிடம் முதலில் தோள்வலியாகத்தான் தலைகாட்டும். கையை வீசி நடக்காமல் மாதக்கணக்கில் ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகாமல் என்ன செய்யும்? உங்கள் அப்பாவுக்கு இரண்டு காரணமும் சேர்ந்திருக்கலாம்.

‘விறைப்பு’ என்ற நம் சொல்லும் லேசுப்பட்டதில்லை

ஆங்கிலம் தெரியாததால் இப்படி ஆகிவிட்டது என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். வேண்டாம். இத்தனைக்கும் தமிழில் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். காலையில் கால் விறைப்பு, குளிரில் விரல் விறைப்பு, பிணம் விறைத்துவிட்டது, அப்புறம் ‘சம்பந்தி வீட்டில் விறைப்பா இருக்காங்க’. மதுரைப் பக்கத்து நோயாளிகள் மதமதப்பையும் மரத்துப்போவதையும்கூட விறைப்பு என்றே சொல்லிவிடுவார்கள், ஊசியால் குத்திக் காட்டித்தான் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஃப்ளெக்சிபிள் என்பதை மருத்துவச் சீட்டில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம். அந்தச் சொல் மனிதனோடு சேர்ந்தால் குணத்துக்குப் போய்விடும்: வளைந்து கொடுக்காதவர், சொன்னதையே சொல்பவர். ரிஜிட்டும் அப்படித்தான், ‘ரிஜிட் ஆர்ம்’ என்றால் கை, ‘ரிஜிட் ஃபாதர்’ என்றால் கண்டிப்பான அப்பா. இரண்டையும் சேர்த்து அப்பாவின் தலைமேல் வைத்துவிட்டீர்கள், அமெரிக்காக்காரர் அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டார். உறுப்பின் பெயரை முன்னால் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ரிகர் கதை இன்னும் மோசம். அது ரிஜிட்டுக்கு ஒரே லத்தீன் வேரில் பிறந்த சகோதரம், ஆனால் காய்ச்சல் நோயாளியின் சீட்டில் அதற்கு உடம்பு தூக்கிப் போடும் குளிர்நடுக்கம் என்று பொருள். மலேரியா பற்றிக் கேட்டவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்.

இங்கே உங்கள் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “முன்ன மாதிரி சிரிக்கிறதே இல்ல, எந்நேரமும் விறைப்பா உக்காந்திருக்கார், எம்மேல என்ன கோவமோ” என்று அம்மா அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சன் நோயில் முகத்துத் தசைகளின் அசைவு குறையும், கண் சிமிட்டுவது குறையும், குரல் உள்ளே போய்விடும். உள்ளே சிரிப்பு இருந்தாலும் முகத்துக்கு வந்து சேராது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். கூடவே, இந்த நோயில் மனச்சோர்வும் வரும், ஒரு யோசனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் சிரமமும் வரலாம். அதனால் பிடிவாதம் போலத் தெரிவதில் கொஞ்சம் நோயின் பங்கும் இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் இதையும் தனியாகக் கேளுங்கள்.

ஸ்டிஃப் பர்சன் சிண்ட்ரோம் என்று ஒரு நோய் உண்மையிலேயே உண்டு. 2022 டிசம்பரில் பாடகி செலின் டியோன் தனக்கு அது இருப்பதாக அறிவித்த பிறகு எல்லோரும் தேடுகிறார்கள். மிக அபூர்வமானது. முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் மரக்கட்டை போலாகி, சத்தம் கேட்டாலோ திடுக்கிட்டாலோ வலியோடு வெட்டி இழுக்கும். ஒரு கையில் தொடங்கிய நடுக்கம், மெதுவான நடை என்று நீங்கள் சொல்வதற்கும் அதற்கும் பொருத்தமில்லை. தேடியில் ‘ஸ்டிஃப்’ என்று தட்டியதால் வந்து நின்றது, அவ்வளவுதான்.

மெயிலில் என்ன எழுதலாம்

எந்தச் சொல் சரி என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதும் இடத்தில் ‘ஸ்டிஃப்னெஸ்’ போதும், எந்த உறுப்பு, எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பதோடு. ரிஜிடிட்டி என்பதை ‘நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து எழுதியது’ என்று அவர் பெயரில் எழுதுங்கள்; சீட்டைப் படமெடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. மற்றதெல்லாம் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும். சட்டைப் பித்தான் போட முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு நேரம்? நடக்கும்போது வலது கை வீசுகிறதா? கட்டிலில் புரண்டு படுக்க முடிகிறதா? மாத்திரை போட்டு எத்தனை நிமிஷத்தில் கை இலகுவாகிறது, எத்தனை மணிக்குத் திரும்ப இறுகுகிறது? நடையை அரை நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பினால் பத்து வார்த்தையின் சண்டை தீரும்.

உங்கள் கடிதத்திலேயே அருமையான தடயங்கள் இருக்கின்றன, அவற்றை நீங்கள் மெயிலில் விட்டுவிட்டீர்கள். கடைக் கணக்கு நோட்டில் அப்பாவின் எழுத்து வரிக்கு வரி எறும்பு மாதிரிச் சின்னதாகிக்கொண்டே போகிறது என்று எழுதினீர்கள். அதற்கு எங்கள் படிப்பில் தனிப் பெயரே உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்பே, முதல்நாள் மல்லிக்கும் அன்றைய மல்லிக்கும் மணத்தில் வித்தியாசம் தெரியாமல் கடைப் பையனிடம் கேட்டார், எல்லோரும் கொரோனாவால் என்று விட்டுவிட்டோம் என்றும் எழுதினீர்கள். கொரோனாவாகவும் இருக்கலாம். ஆனால் மணம் தெரியாமல் போவது பார்க்கின்சன் நோயில் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே வரக்கூடியது. மருந்தால் வரும் பார்க்கின்சனில் மணம் பொதுவாக அப்படிக் கெடுவதில்லை. தலைசுற்றல் மாத்திரையா, நோயேதானா என்று பிரித்துப் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு பூக்காரரின் மூக்கு சொல்லும் சாட்சி சாதாரணமில்லை.

இன்னொன்று. அப்பா தன் வாயால் சொன்னதாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.” இதில் விறைப்பே இல்லை பாருங்கள். அவர் சொல்வது மந்தம், அசைவு தொடங்கவும் தொடரவும் ஆகும் தாமதம். பார்க்கின்சன் என்று முடிவு செய்ய நாங்கள் கட்டாயம் தேடுவது இதைத்தான். இதோடு இறுக்கமோ, சும்மா இருக்கும்போது வரும் நடுக்கமோ சேர வேண்டும். அந்த வரியை அப்படியே தமிழில் எழுதி, கீழே பொருளைச் சொல்லுங்கள்.

அமெரிக்கா அழைத்துப்போய்ப் பார்க்கலாமா என்ற யோசனை பற்றி: இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கண்ணும் கையும்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் உதவும். பல பேருக்கு அது இயல்பாகவே இருக்கும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை, இப்போது பார்க்கும் மருத்துவரும் தப்பாக நினைக்க மாட்டார். அதற்கு மதுரையிலேயே ஆள் உண்டு, நம் பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

காய்ச்சலும் தலைவலியுமாகக் கழுத்து விறைத்து முன்னால் குனிய முடியாமல் போனால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். வயிறு பலகை மாதிரி இறுகி, தொட்டாலே வலித்தால் உள்ளே குடல் ஓட்டையாகியிருக்கலாம். ஒரு பக்கக் கைகால் திடீரென்று விழுந்தால் பக்கவாதம். இவற்றுக்கெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஃபைலும் அட்டையும்

நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகள் சொல்கின்றன. வாய்ச்சொல்லாகக் கேட்டதால்தான் இழுத்தடிக்கிறார்கள் போல. அப்பா கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும். முடியாவிட்டால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க அந்த நகல் உதவும். அப்புறம், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. இப்போதைக்கு அப்பாவுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பின்னால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தால் இதே ஆவணங்கள்தான் வேண்டும், பத்திரப்படுத்துங்கள்.

மெயிலை எழுதி முடித்ததும் அண்ணனுக்கு அனுப்பும் முன் அப்பாவிடம் தமிழில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அவர் பேசியது ஒரே வரிதான். “அது அப்படியில்லம்மா, எனக்கு எப்படி இருக்குன்னா…” என்று அவர் தொடங்கினால், மெயிலை மூடிவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள்.